பயர்பிளை (தொலைக்காட்சித் தொடர்)

பயர்பிளை என்பது 2002 ஆம் ஆண்டு செப்டம்பர் 20 முதல் அமெரிக்காவின் பாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அறிவியல் புனைவுத் தொடர் ஆகும். இதனை உருவாக்கியவர் ஜாஸ் வீடன். உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்த மால்கம் ரெனால்ட்சும் அவரது குழுவினரும் 'செரினிட்டி' என்னும் பழைய விண்கலத்தில் சரக்கு ஏற்றியும் கடத்தியும் பிழைப்பதே கதை.

நிறுத்தப்பட்ட விதம்

கதைமாந்தரை அறிமுகம் செய்யும் முதல் அத்தியாயம் முதலில் காட்டப்படவில்லை. டிசம்பர் 20 அன்று கடைசியாகவே ஒளிபரப்பானது. மற்றவையும் வரிசை மாறி வந்ததால், புதிதாகப் பார்த்தவர்களுக்குக் கதை எளிதில் பிடிபடவில்லை. பார்வையாளர் எண்ணிக்கை குறைவாக இருந்ததால் தொடர் கைவிடப்பட்டது. படமாக்கப்பட்ட 14 அத்தியாயங்களில் 11 மட்டுமே ஒளிபரப்பாயின.

இரசிகர்களின் முயற்சி

தொடரைக் காக்க இரசிகர்கள் கடிதங்கள் எழுதினர். பணம் திரட்டி வெரைட்டி இதழில் விளம்பரமும் கொடுத்தனர். பலன் கிட்டவில்லை. ஆனால் 2003 டிசம்பரில் வெளியான டிவிடி நன்கு விற்பனையானது. கடிதங்களால் ஆகாததை விற்பனை சாதித்தது: யுனிவர்சல் நிறுவனம் 2005 இல் 'செரினிட்டி' என்ற பெயரில் திரைப்படம் வெளியிட்டது. கதையின் சில முடிச்சுகள் அதில் அவிழ்ந்தன. ஆயினும், தொடர் மீண்டும் வர வேண்டும் என்னும் விருப்பம் இரசிகர்களிடம் நீடித்தது.

இத்தொடரைப் புதிதாகப் பார்ப்போர் ஒளிபரப்பான வரிசையை விடுத்து, டிவிடியில் உள்ள வரிசையில் பார்த்தால் கதை தெளிவாக விளங்கும்.