பாதீட்டில் சைக்கிளுக்கு ஓர் இடம் கேட்பது எப்படி?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சைக்கிள் இரண்டு தடவை எல்லாருடைய வாகனமாகவும் ஆகியிருக்கிறது. முதலாவது தடவை, 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு, ஏ9 பாதை அடைபட்டு, பெற்றோல் தடைப்பொருளான பிறகு. வைத்தியரும் ஆசிரியரும் மீன் வியாபாரியும் சைக்கிளில்தான் போய் வந்தார்கள். கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்த வள்ளங்களில் ஆட்களோடு சைக்கிளும் ஏறியது. மின்சாரம் இல்லாத வீடுகளில் அதை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது கையில் கிடைத்ததைக் கட்டியதும் சைக்கிள் கரியரில்தான்.

இரண்டாவது தடவை 2022. யூன் 26ஆம் திகதி ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா ஆனது. அதற்கடுத்த இரண்டு வாரங்கள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. கோடியில் கறள் பிடித்துக் கிடந்த பழைய சைக்கிள்கள் வெளியே வந்தன. திருத்தும் கடைகளில் ரயர், ரியூப்புக்கு வரிசை நின்றது.

இரண்டு தடவையும் சைக்கிளைப் பெருக்கியது தட்டுப்பாடு. தட்டுப்பாடு நீங்கியதும் வீதியில் அதன் இடமும் சுருங்கியது. 2002இல் ஏ9 திறந்ததும், 2009க்குப் பின் லீசிங் கம்பனிகள் வந்ததும், மோட்டார் சைக்கிள் பெருகியது. வீதிகள் காப்பெற் வீதிகளாகின, வேகம் கூடியது, சைக்கிள் ஓடும் பிள்ளை தார் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. 2022 ஓகஸ்டில் கியூஆர் முறையில் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் அதே கதைதான். சைக்கிள் நிலைக்க வேண்டுமானால் பொதுப்பணம் அதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், வீதி யாருடையது என்று அறிய வேண்டும். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி எல்லாம் இதில் அடங்கும். சி, டி வகுப்பு வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. மற்ற உள்வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு. யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகரசபை, மூன்று நகரசபை, பதின்மூன்று பிரதேச சபை என்று 17 சபைகள் உள்ளன. பலாலி வீதிக்கான கோரிக்கையைப் பிரதேச சபையில் கொடுத்தால் அது அங்கேயே கிடக்கும். சந்தேகம் இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

அடுத்தது எண்ணுதல். முழு வேலையிலும் கனமான பகுதி இதுதான். ‘எங்கட வீதியால நிறையப் பேர் சைக்கிளில போகினம்’ என்று எழுதிய கடிதத்தை எந்த உத்தியோகத்தரும் மேசையில் வைத்துப் பேச முடியாது. எண்ணை வைத்துப் பேசலாம். ஒரு சந்தியைத் தெரிந்தெடுங்கள். காலை ஆறே முக்காலிலிருந்து எட்டு மணி வரை, பாடசாலை விடும் நேரம், பின்னேரம் ரியூசன் தொடங்கி முடியும் நேரம் என்று மூன்று வேளையும் எண்ணுங்கள். சனசமூக நிலையத்து இளைஞர் இருவர் முறைவைத்து இருந்தாலே போதும். தாளில் வெறும் மொத்தத் தொகையை எழுதாமல் மாணவர், பெண்கள், முதியவர், சுமையோடு போகிறவர் என்று நிரல் பிரியுங்கள். சுமைக்காரரை மறந்துவிடாதீர்கள். திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளுக்கு விடிய முன்னே வாழைக்குலையும் மரக்கறி மூட்டையும் கட்டிப் போகும் விவசாயி, கரியரில் பெட்டி வைத்து மீன் விற்பவர், கள்ளுக் கானோடு திரும்பும் சீவல் தொழிலாளி ஆகியோருக்கு சைக்கிள்தான் தொழிற்கருவி. இவர்கள் கோரிக்கை எழுதி அலுவலகத்துக்கு வருவதில்லை. தாளில் இவர்களை ஏற்றுவது எண்ணுகிறவரின் கடமை.

சாதாரண வேலைநாளில் எண்ணுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாட்களும் இதற்கு உதவாது, அப்போது கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடுவதில்லை. ஆனால் அந்த நாட்களே ஓர் உண்மையையும் காட்டுகின்றன. வாகனங்களை நிறுத்தி வீதியை மனிதருக்கு விட இந்த நகரத்தால் முடியும், ஆண்டுதோறும் அதைச் செய்தும் வருகிறது.

எண்ணிய பிறகு, என்ன கேட்பது? வெளிநாட்டுப் படங்களில் பார்த்த பச்சை நிறத் தனிப்பாதையை ஒழுங்கைக்குக் கேட்காதீர்கள். இரு பக்கமும் மதில் நெருக்கும் பத்துப் பன்னிரண்டு அடி ஒழுங்கையில் அதற்கு இடமில்லை. அங்கே வேண்டியது வேகத்தடை, முடக்கில் வெளிச்சம், வெள்ளவாய்க்காலுக்கு வீதி மட்டத்தோடு ஒட்டிய மூடி. கார்த்திகை மழையில் வாய்க்காலும் வீதியும் ஒன்றாகத் தெரியும்போது, மூடி இல்லாத இடத்தில் பிள்ளைகள் சைக்கிளோடு விழுகிறார்கள். காப்பெற் வீதியில் முதலில் கேட்க வேண்டியது, தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள படியை நிரவி விடுவது. பெரிய வாகனத்துக்கு விலகி மண்ணில் இறங்கும் சைக்கிள் திரும்ப ஏறும்போதுதான் சறுக்குகிறது. இடமுள்ள பெருவீதியில் ஒன்றரை மீற்றர் அகலக் கரைப்பாதை கேட்கலாம். நிழல் மரத்தையும் சேர்த்து எழுதுங்கள். மேடு பள்ளம் இல்லாத இந்த மண்ணில் சைக்கிளோடிக்குச் சித்திரை வெயிலே ஏற்றம்.

இனிப் பணம். சபையின் வருமானக் கணக்கில் சைக்கிள் நெடுங்காலமாக இருக்கிறது. சபைகள் வர்த்தமானியில் அறிவிக்கும் வாகன வரிப் பட்டியலில் வியாபாரத்துக்குப் பாவிக்கும் சைக்கிளுக்கு ஆண்டுக்கு 18 ரூபா, மற்றச் சைக்கிளுக்கு 4 ரூபா என்று இருக்கும். பேருந்து நிலையம், வைத்தியசாலை போன்ற இடங்களை அண்டிய துவிச்சக்கரவண்டிப் பாதுகாப்பு நிலையங்களைச் சபைகள் கேள்வி கோரிக் குத்தகைக்கு விடுகின்றன. ஆக, சைக்கிளோடி தன் பங்கைக் கொடுத்தே வருகிறார். செலவுப் பக்கத்திலும் அவருக்கு இடம் கேட்பது நியாயமான கோரிக்கை. அதைத் தயங்காமல் எழுதுங்கள்.

சபையின் நிதியாண்டு தையில் தொடங்கி மார்கழியில் முடிகிறது. அடுத்த ஆண்டுப் பாதீடு ஆண்டின் கடைசி மாதங்களில் உருவாகும். பல சபைகள் அதற்கு முன்பே பொதுமக்களிடம் முன்மொழிவு கோருகின்றன, அப்போதே கொடுக்க வேண்டும். வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி, பிரதேச சபையாயின் தொழில்நுட்பச் சேவைகள் குழுவுக்கு ஒரு பிரதி. 2023 மார்ச்சிலிருந்து ஈராண்டுக்கு மேல் சபைகள் உறுப்பினர் இல்லாமல் அதிகாரிகளின் கையில் இருந்தன. 2025 மே 6 தேர்தலுக்குப் பின் கேள்வி கேட்க ஆள் இருக்கிறார், அவரைப் போய்ச் சந்தியுங்கள். வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது நேரில் போய் வாசியுங்கள். ‘வீதி அபிவிருத்தி’ என்ற பொதுத் தலைப்புக்குள் சைக்கிள் அடங்கிவிடும் என்று யாரும் சொன்னால் ஏற்க வேண்டாம். தனித் தலைப்பும், வீதியின் பெயரும், நீளமும், வேலையும் எழுத்தில் வர வேண்டும்.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் சாராப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 வீதம் நடப்போருக்கும் சைக்கிளோடிகளுக்கும் என்று எழுதியது. எழுதியதே பெரிய காரியம். ஆனால் வீதம் மட்டும் போதாது. ஆண்டுதோறும் வீதிப் பெயரோடு அது பாதீட்டில் இறங்க வேண்டும்.

பாதீட்டு விவாதத்தைச் சிறிய சடங்கென்று எண்ண வேண்டாம். யாழ் மாநகரசபையில் 2020 மார்கழியில் பாதீடு இருமுறை தோற்று, முதல்வர் பதவியே கை மாறியது. அப்படி ஒவ்வொரு வாக்கும் எண்ணப்படும் சபையில், ஒரு வட்டாரத்து மக்கள் ஒன்றாகக் கேட்டதைத் தள்ளிவிடுவது எளிதல்ல. மாகாண, தேசிய வீதிகளுக்கு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும் நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் வேறு வாசல்கள். சைக்கிள் நிறுத்துமிடம் போன்ற சிறு வேலைக்கு இந்த நிதி பொருந்தும்.

ஒதுக்கீடு கிடைத்த பின்பும் விட்டுவிடக் கூடாது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு போட வேண்டும். சிறு வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற அமைப்புகள் நேரடி ஒப்பந்தத்தில் எடுக்கலாம். ஊரவர் செய்தால் வாய்க்கால் மூடி ஒழுங்காக இருக்கும் என்பது என் நம்பிக்கை, தினமும் அதன்மேல் ஓடுவது அவர்களின் பிள்ளைகள். ஆண்டு முடிவுக்குள் செலவாகாத அரச நிதி திறைசேரிக்குத் திரும்பிவிடும், எனவே ஆவணியில் வேலை தொடங்காவிட்டால் போய்க் கேளுங்கள். வேலை முடிந்த அடுத்த ஆண்டு அதே சந்தியில், அதே நேரத்தில் மீண்டும் எண்ணுங்கள். கூடிய எண்ணிக்கைதான் இரண்டாவது ஒதுக்கீட்டுக்கான ஆதாரம்.

உங்கள் சபை அடுத்த முன்மொழிவு கோரும் அறிவித்தலை ஒட்டும்போது தாள் தயாராக இருக்கட்டும். இந்தக் கிழமையே ஒரு சந்தியைத் தெரிந்தெடுத்து எண்ணத் தொடங்குங்கள்.