அசையும் அழுத்தமும்

தேனியிலிருந்து குமுளிக்குச் செல்லும் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வரிசையாக எதிர்ப்படும் ஊர்ப்பெயர்களை, யாப்பு கற்ற ஒருவர் அசை பிரித்துக்கொண்டே போவாராயின், பிரயாணச் சலிப்பு நீங்குவதோடு ஒரு சாஸ்திரத்தின் பாலபாடமும் முடிந்துவிடும். குறிலோ நெடிலோ தனித்தேனும் ஒற்றடுத்தேனும் நின்றால் நேரசை. குறிலிணையும், குறிலைத் தொடர்ந்த நெடிலும் அவ்வாறே நின்றால் நிரையசை. ஆகவே தேனியும் கம்பமும் நேர்நேராகிய தேமா, குமுளி நிரைநேராகிய புளிமா, கூடலூர் நேர்நிரையாகிய கூவிளம், சின்னமனூர் நேர்நிரைநேராகிய கூவிளங்காய். வீரபாண்டியை வீர, பாண்டி என்று பொருள் நோக்கிப் பிரிக்கவே நாம் விழைவோம். யாப்போ, சற்றும் தாட்சண்யமின்றி, வீ/ரபாண்/டி என்றே அறுக்கும். அதற்கு ஓசையே பிரமாணம்.

இத்தாலி தேசத்துக் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்து, 1710-இல் இந்தியா வந்து, ‘தொன்னூல் விளக்கம்’ என்னும் ஐந்திலக்கண நூலில் யாப்புக்கும் விதி வகுத்த வீரமாமுனிவரின் தாய்பாஷையும் சொல்லை அசைகளாகப் பிரிப்பதே. இரட்டித்த மெய்யை நடுவே பிளந்து, நாம் அம்/மா என்பதுபோல, இத்தாலியர் மம்/மா என்பர். ஆயினும் ஸகரத்தைத் தொடர்ந்து வேறொரு மெய் வருமிடத்து, நாம் பாஸ்/தா என்று ஒற்றை முன்னசையோடு சேர்க்க, அவர்கள் பா/ஸ்தா என்று பின்னசைக்குத் தந்துவிடுகின்றனர். முனிவர் பிறந்த ஊரும் அம்முறைப்படி கா/ஸ்தி/லியோ/னே ஆகிறது. இரு குறில்கள் கூடி ஓரசையாகும் நம் நிரையசை அங்கே இல்லை.

மெய்யான பேதம் அழுத்தத்தில் இருக்கிறது. தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொற்பொருள் மாறுவதில்லை. இத்தாலியத்திலோ ‘அங்கோரா’ என்பதை முதலசையில் அழுத்தினால் நங்கூரம், இரண்டாமசையில் அழுத்தினால் ‘இன்னும்’ என்று பொருள். பெரும்பான்மைச் சொற்களில் அழுத்தம் ஈற்றயலசையில் விழும். ஈற்றசையிலேயே விழுமாயின் கடைசி எழுத்தின்மேல் குறியிட்டு எழுதுவர். மற்ற இடங்களில் பொதுவாகக் குறி இடுவதில்லையாதலால், அந்நியர் அகராதியைத்தான் சரணடைய வேண்டும்.

இதில் நம் செவிக்கு ஒரு விசேஷம் உண்டு. அழுத்தம் பெற்ற அசை ஒற்றின்றி முடிந்து, சொல்லின் ஈறாகவும் இராதபோது, அதன் உயிர் தானே நீள்கிறது. வீட்டைக் குறிக்கும் ‘காஸா’ நெடிலாகவும், பெட்டியைக் குறிக்கும் ‘கஸ்ஸா’ குறிலாகவும் ஒலிப்பது இதனாலேயே. படி வேறு, பாடி வேறு என்று நாம் எழுத்திலேயே விதித்துக்கொண்ட மாத்திரையை, அவர்கள் அழுத்தத்தின் பின்னே வரவிட்டிருக்கின்றனர். ஆதலால் இத்தாலியம் பயில விரும்பும் கம்பம் பள்ளத்தாக்கு மாணவர், அறியாத சொல் எதிர்ப்பட்டால், ஈற்றயலசையை அழுத்தி, அது ஒற்றில் முடியாவிடில் நெடிலாகவே உச்சரிக்கலாம். பெரும்பாலும் பிழை நேராது.