கொத்தமல்லி சொன்ன தீர்ப்பு! 700 ஆண்டுகளுக்கு முன்பே அக்கம்பக்கத்தாரை மதித்துக் கட்டிய துனிஸ் நகரம்

பக்கத்து வீட்டில் மாவு அரைக்கும் பெரிய திருகை ஓடுகிறது. ‘என் சுவர் அதிர்கிறது’ என்கிறார் வீட்டுக்காரர். ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்கிறார் திருகைக்காரர். யார் சொல்வது உண்மை?

வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில், 14-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு சோதனை இருந்தது. ஒரு காகிதத்தின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, தகராறில் இருக்கும் சுவரை ஒட்டித் தொங்கவிடுவார்கள். அதன்மேல் காய்ந்த கொத்தமல்லி விதைகளைப் போடுவார்கள். பிறகு திருகையை ஓட்டச் சொல்வார்கள். விதைகள் ஆடினால் திருகை நிற்க வேண்டும். ஆடாவிட்டால் புகார் தள்ளுபடி!

இதை எழுதிவைத்தவர் இப்னு அர்-ராமி. இவர் ஒரு கொத்தனார். கட்டடத் தகராறு வந்தால், இடத்தை நேரில் பார்த்துச் சொல்ல காஜி இவரைத்தான் அனுப்புவார். அந்த அனுபவங்களையும் மாலிகி மத்ஹபின் தீர்ப்புகளையும் சேர்த்து இவர் எழுதிய நூல்தான், இன்று கட்டடக் கலை ஆய்வாளர்கள் தேடிப் படிக்கும் ‘அல்-இஃலான் பி அஹ்காமில் புன்யான்’.

ஒரே ஓர் அடிப்படை

‘யாருக்கும் தீங்கு செய்யாதே, தீங்குக்குப் பதிலாகவும் தீங்கு செய்யாதே’ என்ற கருத்துள்ள நபிமொழிதான் இந்த விதிகளின் வேர். உன் இடத்தில் நீ என்ன வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால், அது அடுத்தவரைப் பாதிக்கக் கூடாது.

புகை, நாற்றம், சத்தம், அதிர்வு எல்லாமே தீங்குக் கணக்கில் வரும். எட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். ஜன்னல் எந்த உயரத்தில் இருக்கலாம் என்பதற்கு, கலீஃபா உமர் காலத்தது என்று சொல்லப்படும் ஒரு சோதனை உண்டு. ஜன்னலுக்குக் கீழே கட்டிலைப் போட்டு ஓர் ஆள் ஏறி நிற்க வேண்டும். அங்கிருந்து பக்கத்து வீடு தெரிந்தால் ஜன்னலை அடைக்க வேண்டும். தெரியாவிட்டால் அப்படியே இருக்கலாம்.

இதில் பள்ளிவாசலுக்கும் சலுகை இல்லை. மினாராவில் ஏறும் மோதினாருக்கு வீடுகளின் உள்பகுதி தெரியுமானால், அவர் அங்கே ஏறக் கூடாது என்று மாலிகி அறிஞர்கள் தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள்.

தெருவுக்கும் அளவு உண்டு. அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விட வேண்டும். இன்றைய கணக்கில் ஏறக்குறைய மூன்றேகால் மீட்டர். சுமை ஏற்றிய இரண்டு ஒட்டகங்கள் எதிரெதிரே வந்தாலும் உரசாமல் போகலாம். முட்டுச்சந்து என்றால் அது அங்கே குடியிருப்பவர்களின் கூட்டுச் சொத்து. மற்றவர்கள் சம்மதிக்காமல் புதிதாக ஒரு வாசல் திறக்க முடியாது. எதிரெதிர் வீட்டு வாசல்களும் நேருக்கு நேர் அமையாமல் சற்று விலகியே இருக்கும்.

இப்படித்தான் துனிஸின் பழைய நகரமான ‘மதீனா’ வளர்ந்தது. ஸைத்தூனா பெரிய பள்ளிவாசலை ஒட்டி அத்தர் கடைகள் இருக்கும். நாற்றமும் சாயத் தண்ணீரும் வரும் தொழில்கள் தள்ளியே இருக்கும். யாரும் முன்கூட்டி வரைபடம் போட்டுக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தகராறும் தீர்க்கப்பட, அந்தத் தீர்ப்புகளின் வழியே நகரம் உருவானது.

வகுப்பறைக்கு வந்த சந்துகள்

1881-ல் துனிசியா பிரான்ஸின் ஆளுகைக்குள் போனது. மதீனாவுக்கு வெளியே நேர்கோட்டுச் சாலைகளோடு புதிய நகரம் எழுந்தது. நல்ல நகரம் என்றால் அதுதான் என்ற எண்ணமும் சேர்ந்து வளர்ந்தது. கட்டடக் கலை மாணவர்களுக்குப் பாடமாக இருந்ததும் ஐரோப்பிய நகரங்கள்தான். பழைய சந்துகள் ‘ஒழுங்கில்லாதவை’ என்று பெயர் வாங்கின.

இந்தப் பார்வையை மாற்றியவர்களில் ஒருவர், நகரத் திட்டமிடல் ஆய்வாளரும் பேராசிரியருமான பெசிம் ஹக்கீம். 1970-களில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரக் கட்டடக் கலை மாணவர்கள், இவரது வழிகாட்டுதலில் துனிஸ் அருகே உள்ள சிதி பூ சயீத் ஊரை ஆராய்ந்தார்கள். அது 1978-ல் நூலாகவும் வந்தது. 1986-ல், துனிஸ் மதீனாவையே உதாரணமாக வைத்து, இஸ்லாமிய நகரங்களின் கட்டட விதிகளைப் பற்றி ஹக்கீம் தனி நூல் எழுதினார். ஒழுங்கில்லாதது போலத் தெரிந்த சந்துகளுக்குள் எவ்வளவு விதிகள் இருந்தன என்பதை இப்னு அர்-ராமியின் தீர்ப்புகளை வைத்தே அதில் விளக்கினார். இதற்கிடையே 1979-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. இரண்டிலும் இஸ்லாமியக் கட்டடக் கலைக்கென ஆகா கான் பெயரில் தனிப் படிப்புத் திட்டம் தொடங்கியது.

பிளக்கப்பட இருந்த நகரம்

இந்தப் படிப்பு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1956-ல் விடுதலை கிடைத்த பிறகு, புதிய நகரின் பிரதான சாலையை மதீனாவைப் பிளந்துகொண்டு மேற்கே கஸ்பா வரை நீட்ட ஒரு திட்டம் வந்தது. வசதியான குடும்பங்கள் ஏற்கெனவே புறநகருக்குப் போயிருந்தன. கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பெரிய பழைய வீடுகளில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு இருந்தார்கள். சாலை வந்தால் வீடும் போகும், தெருவும் போகும்.

1967-ல் மதீனா பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. கட்டடக் கலைஞர்கள், சமூகவியலாளர்கள் எனப் பலரும் சேர்ந்து தெருத் தெருவாக ஆய்வு செய்தார்கள். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1979-ல் மதீனா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இடிபாடுகளோடு கிடந்த ஹஃப்ஸியா பகுதியில், பழைய தெரு அமைப்பை ஒட்டி முற்றம் வைத்த வீடுகள் எழுந்தன. கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது இந்தப் பகுதிக்கு 1983, 1995 என இரண்டு முறை கிடைத்தது. ஆனாலும், முதல் கட்டத்தில் கட்டிய வீடுகள் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தன என்ற விமர்சனம் உண்டு. அடுத்த கட்டத்தில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கக் கடன் கொடுத்ததும் அதனால்தான்.

அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியாது. ஏழு முழத் தெருவுக்குள் தீயணைப்பு வண்டி நுழையாது. பழைய விதிகளிலும் சிக்கல்கள் உண்டு. முதலில் கட்டியவருக்குச் சில உரிமைகள் கூடுதல். வீட்டுப் பெண்களை யாரும் பார்க்கக் கூடாது என்ற கவலை, அவர்கள் வெளியே பார்க்கும் ஜன்னலையும் சேர்த்தே அடைத்தது.

ஆனால், விதியை எப்படி எழுதுவது என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. ‘இத்தனை அடி இடம் விடு’ என்று இன்றைய கட்டட விதிகள் அளவைச் சொல்கின்றன. இப்னு அர்-ராமி காலத்து விதிகள், ‘நீ கட்டுவதால் அடுத்த வீட்டுக்காரருக்கு என்ன ஆகும்?’ என்று கேட்டன. அளவு சரியாக இருந்தும் பக்கத்து வீட்டின் வெளிச்சத்தை மறைக்கும் அடுக்குமாடிகள் பெருகும் காலத்தில், வரைபலகை முன் உட்காரும் மாணவர்களுக்கு அந்தக் கேள்வி இன்றும் தேவைப்படுகிறது.