குழியான கொறங்காட்டில் மீண்டும் கொழுக்கட்டைப் புல்

வங்கி வேலையில் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, பாகப்பிரிவினையில் எனக்கு வந்தது 3 ஏக்கர் குழி. காங்கேயம் பக்கத்தில் தாத்தா காலத்தில் அது நல்ல கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள். மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் பொழுது சாயும்வரை கவலை இல்லை. இடையில் பங்காளிகள் கிராவல் எடுக்க விட்டார்கள். ஆளுயரத்துக்கு மண் போய், சரளையும் சுண்ணாம்புக்கல்லும்தான் மிச்சம்.

பழியை அவர்கள் தலையில் மட்டும் போட முடியாது. டிப்பர் லாரிகளுக்குக் கடன் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். லாரிக்கு மதிப்புப் போட்டோம், நிலத்துக்கு மதிப்புப் போட்டோம். லாரியில் ஏறிப் போன மேல்மண்ணுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

மரம் வைத்துத் தோற்றேன்

முதல் ஆண்டு ஆர்வக்கோளாறில் வேம்பு, புங்கன் என்று 200 கன்றுகள் நட்டேன். கடப்பாரை இறங்காத தரை. விலைக்குத் தண்ணீர் வாங்கி ஊற்றியும், சித்திரை வெயில் முடிந்தபோது 9 கன்றுகள்தான் நின்றன. "பென்ஷன் பணத்தைக் குழிக்குள்ள கொட்டறீங்க" என்று வீட்டம்மா சொன்னது பொய்யில்லை.

அந்த வழியே செம்மறி மேய்க்கும் பெரியவர் நின்று பார்த்தார். "ஏனுங்க மேனேஜருங்களே, வெறுந்தரையில மரம் எதைப் புடிச்சுட்டு நிக்குமுங்க? மொதல்ல புல்லு வரட்டும். மரம் தானா வருமுங்க" என்றார்.

சரியான பேச்சு. இங்கே ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். மொட்டைத் தரையில் அது நிற்காமல் ஓடிவிடும். புல்லின் சல்லிவேர் மண்ணைக் கட்டும், ஓட்டத்தைத் தணிக்கும். பழைய வேர்கள் மட்கி மட்கி அடியிலிருந்தே மண் உண்டாகும்.

செய்த வேலைகள்

குழியில் கிடந்த கற்களைச் சரிவுக்குக் குறுக்கே அரை அடி உயரத்துக்கு வரிசையாக அடுக்கினோம். வண்டல் அங்கே தங்கியது. வைகாசி முதல் ஆவணிவரை பெரியவரின் ஆடுகளை இரவில் பட்டி அடைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை பட்டியை நகர்த்தினோம்.

விதையை முந்தைய தை மாதமே பக்கத்துக் கொறங்காடுகளில் உருவி வைத்திருந்தோம். கொழுக்கட்டைப் புல்லின் புது விதை சரியாக முளைக்காது, அதற்கு உறக்கக் காலம் உண்டு. துணிப்பையில் எட்டு மாதம் வைத்து, ஏக்கருக்கு 3 கிலோ என்று எடுத்தோம். பஞ்சு போன்ற விதை, காற்றில் பறக்கும். ஈர மண்ணும் சாணமும் கலந்து, நரிப்பயறு, செப்புநெருஞ்சி விதையும் சேர்த்து, புரட்டாசிக் கடைசியில் தூவினோம். மேலே முள்கொத்தை இழுத்து விட்டோம். ஆழம் போனால் முளைக்காது.

பெரியவர் படலோரம் நின்ற நாள்

இரண்டு ஆண்டு மேய்ச்சல் கூடாது. விதை விழுந்து புல் நிறைய வேண்டும். இரண்டாம் ஆண்டு மழை பொய்த்தது. எனக்குப் புல் சொல்லித்தந்த அதே பெரியவர், ஒட்டிய வயிற்று ஆடுகளோடு படலோரம் நின்றார். வாய் திறந்து கேட்கவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. "ஆடு உள்ளே வேண்டாங்க, நானே அறுத்துத் தரேன்" என்றேன். நாலு விரல் உயரம் விட்டு அறுத்து, 20 நாள் கொடுத்தேன். கடைசி நாள் அவர் சொன்னார்: "நானா இருந்தாலும் உள்ள உட்டிருக்க மாட்டனுங்க."

இப்போது ஐந்தாம் ஆண்டு. காட்டை மூன்றாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய்க்கிறோம். சுண்ணாம்புக்கல் மூலை இன்னும் மொட்டைதான். போன மேல்மண் என் ஆயுளில் திரும்பாது. ஆனால் பட்டி போட்ட இடங்களில் வெள்வேலங்கன்றுகள் நாற்பதுக்கு மேல் நிற்கின்றன. ஆடுகள் தின்ற காயின் விதை, புழுக்கையோடு விழுந்து முளைத்தவை. தண்ணீர் ஊற்றவே இல்லை.

கிராவலுக்கு நிலம் விடாதீர்கள். விட்டே தீரவேண்டுமானால், மேல் ஒரு அடி மண்ணைத் தனியே குவித்து வைக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே குழியாகிவிட்டதா? கன்று வாங்க ஓடாதீர்கள். தை மாதம் ஒரு துணிப்பையோடு பக்கத்துக் கொறங்காட்டுக்குப் போங்கள்.