குளிரில் இலை கொட்டிய கறிவேப்பிலை செத்துப்போச்சா?

சுவா சூ காங் வீட்டு வாசலில், தொட்டியில் கறிவேப்பிலை தானாக வளரும். சிங்கப்பூரில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி செல்சியஸ்தான் (1989, பிப்ரவரி 14).

டொராண்டோவுக்குப் படிக்கப் போறீங்களா? அங்கே உறைபனி. அதனால் தமிழர்கள் பலர் கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். கோடையில் வெளியே, குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளே.

எப்போது உள்ளே கொண்டுவரணும்?

இரவு வெப்பநிலை 10 டிகிரியை நெருங்கும் முன்பே. இலைகளின் அடியில் பூச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கே வைக்கலாம்?

வெயில் படும் சன்னலோரம். ஹீட்டரின் அனல் நேரடியாகப் படக்கூடாது.

இலையெல்லாம் கொட்டிப்போச்சே?

பயப்படாதீங்க. வெளிச்சமும் வெப்பமும் குறைந்தால் செடி ஓய்வெடுக்கும். வாடிவிட்டதாக நினைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. இலையில்லாத செடி அவ்வளவு நீரை உறிஞ்சாது, வேர் அழுகிவிடும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

உயிர் இருக்கா, எப்படித் தெரியும்?

தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் தூக்கி எறியாதீங்க. வசந்தத்தில் துளிர்க்கும். உறைபனி நின்றதும், கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கி வெளியே வையுங்கள்.