மேட்டுக்கு இருவர்! மான்செஸ்டருக்கு?

இங்கிலாந்திலே ஓல்டு சாரம் என்றொரு தொகுதி. ஊரல்ல, பாழடைந்த மேடு! ஆடு மேயும், ஆள் இல்லை. ஆயினும் காமன்ஸ் சபைக்கு 2 உறுப்பினர்! பின்னாளில் சென்னைக் கோட்டையின் கவர்னரான தாமஸ் பிட் மேட்டை விலைக்கு வாங்கினார். சீமானல்லவா! பேரன் வில்லியம் பிட் 1735-ல் மேட்டின் பேரால் சபை புகுந்தார், பிறகு பிரதமருமானார்.

நூற்பாலைகள் நிறைந்த மான்செஸ்டருக்கோ தனி உறுப்பினர் ஒருவருமில்லை. 1819 ஆகஸ்ட் 16-ல், செயின்ட் பீட்டர்ஸ் திடலிலே, ஓட்டுரிமை கேட்டுச் சுமார் 60,000 பேர் திரண்டனர். வந்தது உரிமையா? குதிரைப்படை வந்தது, வாள் வீசிற்று! பத்துப் பேருக்கு மேல் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர்.

1832-ல் சட்டம் வந்தது. மேடு ஒழிந்தது, மான்செஸ்டர் இருவரைப் பெற்றது. ஓட்டோ, ஆண்டுக்கு 10 பவுன் மதிப்புள்ள வீட்டுக்காரருக்கே! நகரத் தொழிலாளரில் பலருக்கு அது கிட்ட 1867 ஆயிற்று. பெண்டிர்க்கு அப்போதும் இல்லை.