விரல் நின்ற இடம்

முந்தைய இரவு பார்த்த ரீல்ஸ்களில் நினைவில் நிற்கும் ஐந்தை, பெயர் போடாமல் எழுதச் சொல்லி எட்டாம் வகுப்பில் தாள் கொடுத்தேன். ஜல்லிக்கட்டு, சமையல், பைக் சாகசம் என்று ஆளுக்கொன்று வந்தது. நிலக்கோட்டைப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவன் எழுதிக்கொண்டிருந்த ஐந்தில் மூன்று சாதிப் பெருமை பேசுபவை. தனியே கூப்பிட்டு, தேடிப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"தேடலை டீச்சர், அதுவா வந்துச்சு. இப்ப எல்லாரும் இதைத்தான் பாக்குறாங்க."

முதலில் சொன்னது உண்மை. இரண்டாவதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நமக்கு என்ன பிடிக்கும் என்று செயலி பெரும்பாலும் கேட்பதில்லை. விரல் எங்கே நின்றது என்று கணக்கெடுக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தோம், யாருக்கு அனுப்பினோம், எதை உடனே தள்ளினோம் என்பவையே அதன் அல்காரிதத்துக்குத் தீனி. காணொலியை இறுதிவரை பார்ப்பது வலுவான அறிகுறி என்று டிக்டாக் நிறுவனமே 2020 ஜூனில் விளக்கியது. எரிச்சலோடு பார்த்தாலும் பார்த்ததாகத்தான் கணக்கு.

அந்த மாணவன் வீட்டில் ஒரே கைப்பேசி. விடியலில் பெற்றோர் மல்லிகை பறிக்கப் போனதும் அவனிடம், இரவில் சித்தப்பாவிடம். செயலிக்கு இருவரும் ஒரே ஆள்.

தடை செய்தால் தீராதா என்று ஆசிரியர் அறையில் கேட்கிறார்கள். 2019 ஏப்ரல் 3 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடுக்க உத்தரவிட்டது; அதே மாதம் 24ஆம் தேதி தடை விலக்கப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளுள் அதுவும் ஒன்று. அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ். ஆப் மாறியது, கணக்கெடுக்கும் முறை மாறவில்லை.

வகுப்பில் இதைக் காட்ட ஒரு டப்பா போதும். மஞ்சளில் நகைச்சுவை, பச்சையில் விடுகதை, நீலத்தில் செய்தி, சிவப்பில் விளையாட்டு என்று நிறத்துக்கு ஐந்து சீட்டுகள். ஒரே மாணவர் கண்ணை மூடி எடுக்க வேண்டும். முழுதாகப் படித்தால் அந்தச் சீட்டோடு அதே நிறத்தில் இன்னும் இரண்டு உள்ளே போகும். பாதியில் போட்டால் அது வெளியே. அன்று அவனையே எடுக்கச் சொன்னேன். பதினைந்தாவது முறைக்குள் டப்பா மஞ்சளாகிவிட்டது. எட்டிப் பார்த்து, "பச்சை எங்க டீச்சர்?" என்றான்.

மற்றவர்களின் தாள்களையும் எண்ணிப் பார்த்தோம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு காணொலிகூட இல்லை.

'ஆர்வமில்லை' என்ற தெரிவை எப்படி அழுத்துவது என்றும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து சொன்னான்: "போனை யார் நோண்டினதுன்னு சித்தப்பா திட்டுறாரு டீச்சர்."